வெடித்த கைக்கு முதல் மருந்து தண்ணீர்



திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு சொற்பொழிவு என்றால் கம்பனைப் பேசுவார்கள், பெரியபுராணம் பேசுவார்கள், குறைந்தது அரசியலாவது பேசுவார்கள். நான் பேச வந்திருப்பது கையைப் பற்றி. வறண்டு போன கை, வெடித்துப் போன கை, சாம்பாரில் விரல் பட்டால் சுரீர் என்று எரிகிற கை. "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று யாராவது நினைத்தால், அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அவர்கள் இல்லை என்று அர்த்தம்!

முதலில் ஒரு சோதனை. எல்லோரும் வலது கை நகத்தால் இடது புறங்கையில் லேசாக ஒரு கோடு இழுங்கள். வெள்ளைக் கோடு விழுகிறதா? விழுந்தால் உங்கள் தோல் தண்ணீர் கேட்கிறது. கோட்டோடு சேர்ந்து பொடி உதிர்கிறதா? அப்படியானால் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இப்போது கையைத் திருப்பி விரல் மடிப்புகளைப் பாருங்கள். கட்டைவிரல் நுனியைப் பாருங்கள். மோதிரம் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றி அடியில் பாருங்கள். பல பெண்களுக்கு முதல் வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன் தெரியுமா? கை கழுவும்போது சோப்பு மோதிரத்துக்கு அடியில் தங்கிவிடுகிறது. கை காய்ந்த பிறகும் சோப்பு காய்வதில்லை. அங்கேயே இருந்து அரிக்கிறது.

யாருடைய கை வெடிக்கிறது? மார்கழிப் பனியில் எல்லார் கையும் கொஞ்சம் வெளுக்கும். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போதும் அப்படித்தான். அதைப் பற்றி நான் பேசவில்லை. தை, மாசி, சித்திரை, ஐப்பசி என்று பன்னிரண்டு மாதமும் வெடித்தே கிடக்கும் கைகளைப் பற்றிப் பேசுகிறேன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகப் பூண்டு உரிக்கும் கை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் விடியற்காலையில் ஈரப் பூவைக் கையில் அள்ளும் கை. 1928 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பொன்மலைப் பணிமனையில் கிரீஸ் படிந்த கை. எந்தத் தெருவிலாவது ஒரு வீடு எழும்பினால் அங்கே கலவை சுமக்கும் சித்தாளின் கை. ஓட்டல் பின்கட்டில் நாள் முழுக்க நுரைக்குள்ளேயே கிடக்கும் கை. இந்த ஊர் இந்தக் கைகளால்தான் சாப்பிடுகிறது, பூ வைத்துக்கொள்கிறது, வீடு கட்டுகிறது.

அந்தக் கைகள் ஏன் வெடிக்கின்றன? உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. முகத்தில் எண்ணெய் வழிகிறது, தலையில் வழிகிறது, உள்ளங்கையில் வழிவது வியர்வை மட்டும். வேலைக்கென்று வளர்ந்த உறுப்பில், சொந்தமாக எண்ணெய் ஊறும் வசதி வைக்கப்படவில்லை. ஆனாலும் அது வறண்டு போகாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. தோலின் மேலடுக்கை ஸ்ரீரங்கத்து மதில்போல நினைத்துக்கொள்ளுங்கள். கல் மேல் கல் அடுக்கியிருக்கிறது. இடையில் காரை பூசியிருக்கிறது. கல் என்பது காய்ந்து தட்டையான செல்கள். காரை என்பது அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு. காரை இருக்கும் வரை உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. காரை உதிர்ந்தால் ஈரம் போய்விடும். ஈரம் போனால் தோல் விறைக்கும். விறைத்த தோலை மடக்கினால் வெடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

காரையை உதிர்ப்பது எது? சோப்பு. நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உடையது. துணி சோப்பும் பாத்திர சோப்பும் காரம். சுடுதண்ணீர் அந்தக் காரத்துக்கு உதவியாள். சிமென்ட் கலவையோ சோப்பைவிடப் பல மடங்கு காரம். அதில் இருக்கும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையையும் கொண்டுவரும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் போகாது.

"ஐயா, அந்தக் காலத்தில் சாம்பல் போட்டுத்தானே தேய்த்தார்கள், கை நன்றாகத்தானே இருந்தது?" என்று இந்த இடத்தில் யாராவது ஒரு பெரியவர் கேட்பார். எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். ஐயா, சாம்பலும் காரம்தான். அந்தக் காலத்துக் கைகளும் வெடித்தன. வெடித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. பழையது என்பதற்காக ஒன்றை வணங்கவும் வேண்டாம், புதியது என்பதற்காக ஒன்றை வாங்கவும் வேண்டாம். எது கைக்கு ஒத்துக்கொள்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

இனி மருந்துக்கு வருவோம். நான் போகும் இடமெல்லாம் கேட்கும் புலம்பல் ஒன்றுதான். "எவ்வளவு எண்ணெய் தேய்ச்சாலும் விடிஞ்சா அதே வெடிப்புதான்யா." நான் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, எண்ணெய் தேய்க்கும்போது கை ஈரமா இருந்துச்சா, காய்ஞ்சு இருந்துச்சா?" எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "நல்லாத் துடைச்சு, காயவெச்சு, அப்புறம்தான் தேய்ச்சேன்."

கோளாறு அங்கேதான் இருக்கிறது! எண்ணெய் ஈரத்தைத் தராது, தாய்மார்களே. எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கும். உள்ளே ஈரமே இல்லாதபோது பூட்டி என்ன பயன்? முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். இன்று நான் சொல்லும் மற்றதெல்லாம் மறந்து போனாலும் பரவாயில்லை. முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய்.

இதை நான் கற்றுக்கொண்டது அழகுக் குறிப்புப் பக்கத்தில் இல்லை. தொழுநோயாளிகளின் பராமரிப்பிலிருந்து. நமக்கு வடமேற்கே இருக்கும் கொல்லிமலையில் 1914-இல் ஓர் ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பால் பிராண்ட் என்று பெயர். மலைவாழ் மக்களோடு வளர்ந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் என்று உலகம் அவரை அறியும். அவர் கண்டுசொன்ன இன்னொன்று அதைவிடப் பெரியது. அந்த நோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்துப் போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள், அது புண்ணாகிறது. நரம்பு செத்தால் இன்னொன்றும் நின்றுபோகும்: வியர்வை. வியர்வை நின்ற உள்ளங்கை பனங்கட்டை போலக் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வலிக்காது, அதனால் கவனிப்பார் இல்லை, அதன் வழியே சீழ் எலும்புவரை போகும்.

அவர்களுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? விலை உயர்ந்த களிம்பா? இல்லை. தொழுநோய் மருத்துவமனைகளில் இன்றைக்கும் சொல்லித்தரும் பயிற்சி இதுதான். ஒரு வாளியில் சாதாரணத் தண்ணீர். கையையும் காலையும் 20 நிமிடம் அதில் ஊறவைப்பது. தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுப்பது. எடுத்த பிறகு முழுக்கத் துடைக்காமல், ஈரம் சொட்டாத அளவில், அப்படியே எண்ணெயோ வாசலினோ தடவுவது. தினம் தினம். வாழ்நாள் முழுவதும். எண்ணெய் சுரக்காத, வியர்க்காத, உணர்ச்சியும் இல்லாத கையையே இந்த வாளித் தண்ணீர் காப்பாற்றுகிறது என்றால், நல்ல நரம்பு ஓடும் உங்கள் கையைக் காப்பாற்றாதா?

ஆகவே இரவில் எல்லா வேலையும் முடிந்த பிறகு, ஒரு பாத்திரத்தில் ஆறின தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், உப்பு வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். கால் மணி நேரம் கையை விட்டு உட்காருங்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஓடட்டும். அதற்குத்தான் அது லாயக்கு. எடுத்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் போவதற்குள் எண்ணெய். பிறகு பழைய பருத்தித் துணியால் ஒரு சுற்று, அல்லது பருத்திக் கையுறை. காலையில் அவிழ்த்துப் பாருங்கள். பகலில் ஒவ்வொரு முறை கை கழுவிய பிறகும் இதே வரிசைதான்: ஈரம் இருக்கும்போதே ஒரு துளி.

சரி, எந்த எண்ணெய்? வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் போதும். பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 2004-இல் வறண்ட தோல் உள்ளவர்களிடம் அதைச் சோதித்து, தாது எண்ணெய்க்கு நிகராக வேலை செய்கிறது என்று எழுதினார்கள். விளக்கெண்ணெய் கெட்டியானது, இரவுக்கு நல்லது. வாசலின் என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், "அது பெட்ரோலில் வருவது" என்று. ஆமாம், பெட்ரோலியத்தில்தான் வருகிறது. அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவர்கள், பம்புத் தண்டில் படியும் மெழுகை எடுத்துத் தங்கள் வெட்டுக்காயத்திலும் தீக்காயத்திலும் பூசிக்கொள்வதை ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872-இல் காப்புரிமை வாங்கினார். அதாவது வாசலினும் ஒரு கைவைத்தியம்தான். தொழிலாளி கண்டுபிடித்தது, முதலாளி விற்றது! தோலின் ஈரம் வெளியேறாமல் தடுத்து நிறுத்துவதில் அதற்கு இணை குறைவு. கையில் காசு குறைவாக உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

கிளிசரினும் பன்னீரும் நம் வீட்டுப் பெண்களின் பழைய கூட்டணி. கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணமுள்ளது. 2020-இல் நாமெல்லாம் கையில் ஊற்றித் தேய்த்தோமே அந்தத் திரவம், அதற்கு உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையில் சாராயம் 80 விழுக்காடு. அதோடு கிளிசரின் 1.45 விழுக்காடு. எதற்கு அந்தக் கிளிசரின்? கிருமியைக் கொல்ல அல்ல, கையைக் காப்பாற்ற! ஆனால் காற்று காய்ந்திருக்கும் நாளில் வெறும் கிளிசரினை நம்பக் கூடாது. அது வெளியே ஈரம் கிடைக்காவிட்டால் தோலுக்குள்ளிருந்தே உறிஞ்சும். மேலே ஒரு பூச்சு எண்ணெய் வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன், செய்து பார்க்க ஆசையாக இருக்கும். கழுவிய நெய். ஆயுர்வேதத்தில் இதற்கு நூறு முறை கழுவிய நெய் என்றே பெயர். அகலமான செம்புத் தட்டில் இரண்டு கரண்டி நெய் விடுங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் வட்டமாகத் தேயுங்கள். முதல் பத்து தடவை ஒன்றும் நடக்காது. நெய் ஒரு பக்கம் வழுக்கும், தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், "இந்த மனுஷன் நம்மை ஏமாற்றிவிட்டான்" என்று தோன்றும். தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். தேயுங்கள். சாயுங்கள். மெல்ல மெல்ல மஞ்சள் வெளுக்கும். நெய் மணம் விலகும். மணல்போல் நறநறத்த நெய் வழவழவென்று ஆகி, கடைசியில் தட்டில் இருப்பது வெள்ளைவெளேர் என்ற களிம்பு. தடவினால் சில்லென்று இருக்கும், பிசுக்கு ஒட்டாது. நெய்க்குள் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டது! ஈரமும் கொழுப்பும் ஒரே விரலில். பெரிய கம்பெனிகள் டப்பாவில் அடைத்து விற்கும் கிரீமின் சூட்சுமமும் இதுதான். தண்ணீர் கலந்திருப்பதால் நாள்பட வைக்காதீர்கள். கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ஆழமாகப் பிளந்து ரத்தம் கசியும் இடத்தில் இதைத் தொடாதீர்கள்.

கிரீஸ் படிந்த கை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கை கழுவுகிறீர்களே, அது கிரீஸை மட்டுமா எடுக்கிறது? மதில் காரையையும் சேர்த்துச் சுரண்டுகிறது. முதலில் தேங்காய் எண்ணெய் விட்டு நன்றாகப் பிசையுங்கள். எண்ணெயில் கிரீஸ் கரையும். துணியால் துடைத்துவிட்டுப் பிறகு கொஞ்சம் சோப்பு.

இப்போது செய்யக் கூடாதவை. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் கையில் தேய்க்கச் சொல்லி ஒரு குறிப்பு ஊரெல்லாம் சுற்றுகிறது. வெடிப்பில் எலுமிச்சை எரியும் என்பது சின்ன விஷயம். அந்தச் சாறு படிந்த கையோடு நம் திருச்சி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். கறுத்த தழும்பு மாதக்கணக்கில் போகாது. சமையல் சோடா காரம். அது சோப்பின் தம்பி. சோற்றுக்கற்றாழை நல்லதுதான், ஆனால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலோடு பூசினால் அரிக்கும். ஏழு முறை கழுவி எடுக்கச் சொன்ன முன்னோர் காரணமில்லாமல் சொல்லவில்லை. ஆலிவ் எண்ணெய் விலை அதிகம், தோலின் அந்தக் காரையைத் தளர்த்துகிறது என்றும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. யாராவது அதைப் பரிசாகக் கொடுத்தால் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை விட்டுவிட்டு மருந்தைத் தேடுவதும் வீண். கத்தியால் பூண்டு நறுக்குகிறவர், வலக்கைக்காரர் என்றால், வெடிப்பது இடக்கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான். பூண்டைப் பிடிப்பது அவைதானே! அங்கே எண்ணெயைவிடக் கையுறை முக்கியம். பூ கட்டுகிறவர்களில் சிலருக்குச் சாமந்தி என்கிற செவ்வந்தி ஆகாது. மலைமேல் இருக்கும் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் ஒரு பெயர். அவர் ஊரில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கை தடித்துச் சிவந்தால் ஒரு வாரம் அந்தப் பூவை விட்டு மல்லிகையைக் கட்டிப் பாருங்கள். தானே தெரிந்துவிடும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாள் கல் திருமேனி அல்ல, சுதை. ஆகவே மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்பு சாத்துகிறார்கள்; அதன்பின் சில வாரங்கள் திருவடி சேவை கிடைப்பதில்லை. பெருமாளுக்கே எண்ணெய் வேண்டியிருக்கும் ஊரில் நாம் இருக்கிறோம்! ஒரே வித்தியாசம், அவருக்குத் தண்ணீர் ஆகாது. நமக்குத் தண்ணீர் இல்லாமல் எண்ணெய் ஆகாது. அதே கோயிலில் தன்வந்திரி சந்நிதியும் இருக்கிறது. அங்கே ஓர் ஆரோக்கியசாலை இருந்ததையும், கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்ததையும் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்குள் மருத்துவமனை வைத்தவர்கள் நம் முன்னோர். வீட்டு வைத்தியம் போதாத இடத்தில் வைத்தியரிடம் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எப்போது போக வேண்டும்? ஒரே ஒரு கை மட்டும் செதில் செதிலாக வறண்டு, இன்னொரு கை நன்றாக இருந்தால், அது வறட்சியாக இல்லாமல் படர்தாமரையாக இருக்கலாம். எண்ணெய் அதற்கு வேலை செய்யாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பு முதலில் அடக்கும், பிறகு பெருக்கும். வெள்ளிச் செதிலோடு தடிப்பு தடிப்பாக இருந்தால் காளாஞ்சகப்படையாக இருக்கலாம். வெடிப்பில் சீழ் கண்டால், கையில் மரமரப்பு இருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. அதோடு இணைந்த நம் ஊர் மருத்துவக் கல்லூரிக்குக் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர். "தமிழ் மருந்துகள்" என்று ஒரு நூலே எழுதியவர் அவர்; அவர் பெயரில் ஆங்கில மருத்துவம் கற்றுத்தருகிறார்கள். இரண்டுக்கும் சண்டை மூட்டாமல் இரண்டையும் பயன்படுத்திக்கொள்வோம்.

கடைசியாக, இந்த அவையில் இருக்கும் கடை முதலாளிகளுக்கும், ஓட்டல்காரர்களுக்கும், வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நான் சொன்ன கால் மணி நேரம் எல்லோருக்கும் வாய்க்காது. பத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா இரவில் எப்போது உட்கார்ந்து கையை ஊறவைப்பார்? ஆகவே அவர் கை கழுவும் இடத்திலேயே வசதி செய்யுங்கள். குழாயடியில் ஒரு சிறு புட்டி தேங்காய் எண்ணெய், ஒரு சுத்தமான துண்டு, அவர் கைக்குப் பொருந்தும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி. கிழிந்தால் மறுஜோடி. கட்டட வேலை நடத்துகிறவர்கள் சித்தாளுக்கும் கையுறை கொடுங்கள், கொத்தனாருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். தீபாவளிக்குக் கொடுக்கும் இனிப்புப் பெட்டியைவிட இதற்குச் செலவு குறைவு. அடுத்த மாதம், அடுத்த பண்டிகை என்று தள்ளாமல், நாளைக் காலையில் கடை திறக்கும்போதே அந்தப் புட்டியை வாங்கி வைத்துவிடுங்கள்.